பெயர் எழுதாத இரண்டு சாசனங்கள்

கதையிலே வரும் உயிலை நாமெல்லாரும் அறிவோம். பாழடைந்த மாளிகை, பரணிலே ஒரு பெட்டி, பெட்டிக்குள்ளே பழுப்பேறிய காகிதம். அது கைக்குக் கிடைத்த மறுகணமே ஏழை நாயகன் சீமானாகிறான். வஞ்சகச் சிற்றப்பன் சிறைக்குப் போகிறான். நாயகியின் தந்தை மணத்துக்கு இசைகிறார். திரைப்படமாயின் அந்த இடத்திலே ஒரு பாட்டும் உண்டு. உயிலைத் திறவுகோலாக்கிக் கதைப் பூட்டைத் திறக்கும் ஆசிரியர்கள் நம்மிடையே ஏராளம்; ஒரே ஓர் உயிலையேனும் வரிவரியாகப் படித்துப் பார்த்தவர் எத்தனை பேர்? எவ்வளவு தேறும் என்று கேட்கத் தெரிந்த அளவுக்கு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க நமக்குத் தெரியவில்லை.

அண்மையில் ஓர் உயிலை நான் வரிவரியாகப் படித்தேன். என் பூட்டனார் எழுதிவைத்தது அது. இலக்கிய ஆய்வுக்கு உயிலும் ஒரு பொருளா என்று புலவர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்! மனிதன் எழுதும் கடைசி எழுத்து அது. தான் இல்லாத உலகத்தோடு அவன் பேசும் பேச்சு அது. காதலிக்கு எழுதிய கடிதத்திலே பொய் இருக்கலாம்; காவலனுக்குப் பாடிய கவிதையிலே பொய் இருந்தே தீரும்; சாவுக்கு அஞ்சிச் சொத்தை எண்ணுகிறவன் எழுத்திலே, அவன் மறைக்க நினைத்த மெய்யும் எங்கோ ஒரு மூலையில் தலைகாட்டிவிடும்.

தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையிலே, சிற்றாற்றுப் பாசனத்தில், எங்கள் குடும்பத்துக்குச் சிறிது நன்செய் உண்டு. பாட்டனார் உயில் ஏதும் எழுதாமல் மறைந்தார். நிலம் பங்கு பிரியாமலே கிடந்தது. சென்ற ஆனியிலே சாரல் விழத் தொடங்கி, பேரருவிக்கும் ஐந்தருவிக்கும் ஊர் ஊராய் மக்கள் திரண்டு போய்க்கொண்டிருந்த நாளில், எங்கள் வீட்டிலே பங்குப் பேச்சு எழுந்தது. பெரியப்பாவும் என் தந்தையும் ஆளுக்குப் பாதி. அத்தைமார் இருவரும் விடுதலைப் பத்திரத்திலே கையொப்பமிட வேண்டும். அதற்காக ஆளுக்கு ஒரு பட்டுப் புடவை, ஐயாயிரம் ரூபாய். பீடி சுற்றிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த சின்ன அத்தை, கூடத்தின் ஓரத்திலே தலைகுனிந்து அமர்ந்திருந்தார். பெரியப்பா கூறிய காரணம் ஒன்றே ஒன்று: "இது நாம புதுசாச் செய்யற காரியமா? பூட்டனார் உயில்லயே அப்படித்தான் இருக்கு."

அந்த உயிலைக் கண்ணால் கண்டவர் அங்கே ஒருவரும் இல்லை. சான்றில்லாத கூற்றை மாணவன் எழுதினால் சிவப்பு மையால் சுழிப்பவன் நான். தேடத் தொடங்கினேன்.

பழைய தீர்வை ரசீதுகளுக்கு நடுவே ஒரு துண்டுக் காகிதம் கிடைத்தது. அதிலே ஒரு பத்திர எண்ணும், 'கொல்லம் 1098 தை' என்ற குறிப்பும் இருந்தன. நெல்லைச் சீமையின் பழைய பத்திரங்களிலே கொல்லம் ஆண்டு வழங்குவது இயல்பு. தை மாதமாதலால் 825ஐக் கூட்டினேன், 1923 வந்தது. வில்லங்கச் சான்று வாங்கிப் பார்த்தேன். அதிலே உயில் இல்லை. பின்னரே விவரம் தெரிந்தது. விற்பனையும் அடைமானமும் பதிவலுவலகத்தின் முதற் புத்தகத்திலே ஏறுகின்றன. உயிலுக்கு மூன்றாம் புத்தகம் தனியே இருக்கிறது. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்திலே சுவையான விதி ஒன்றும் உண்டு: உயிலை எழுதியவர் உயிரோடிருக்கும் வரை அவருக்கும் அவருடைய முகவருக்கும் மட்டுமே அதன் படி கிடைக்கும், அவர் மறைந்த பிறகு, விண்ணப்பிக்கும் எவரும் பெறலாம். சாவு, ஒருவருடைய இரகசியத்தைப் பொது நூலாக்கிவிடுகிறது! பொது நூல் என்றானபின் திறனாய்வுக்கு என்ன தடை?

படி கையிலே கிடைத்தது. படித்தேன். முதலிலே எனக்குச் சினமே வந்தது.

'ஸ்வயார்ஜிதம்', 'சர்வ சுதந்திர பாத்தியம்', 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய்', 'ஜீவதிசை வரைக்கும் அன்ன வஸ்திரம்'! தமிழன் ஒருவன், தமிழ் மண்ணிலே தான் உழுத நிலத்தை, தமிழைத் தவிர வேறு மொழி அறியாத தன் பிள்ளைகளுக்கு எழுதிவைக்கிறான். எழுத்திலே மட்டும் அவன் குரல் இல்லை. ஊரிலே பத்திரம் எழுதுபவரின் வாய்பாடுதான் இருக்கிறது. கையெழுத்து பூட்டனாருடையது, சொற்கள் இரவல். எழுதிக்கொடுத்தவருக்கே அவற்றிற் பாதி விளங்கியிருக்குமா என்பது ஐயம். விளங்காத மொழியிலே எழுதப்பட்டது வேதமாயினும் பத்திரமாயினும் விளைவு ஒன்றே. கேட்டவன் தலையாட்டுவான், கேள்வி கேட்க மாட்டான்.

அடுத்து, உள்ளடக்கம். மகன்மார் இருவர் பெயரும் தெளிவாக இருக்கின்றன; யாருக்கு எத்தனை கோட்டை விதைப்பாடு என்ற கணக்கும் இருக்கிறது. குத்துவிளக்கு இரண்டுக்கும் நிறை குறிக்கப்பட்டிருக்கிறது. பசு ஒன்று, செவலை நிறம், நெற்றியிலே வெள்ளைச் சுட்டி என்று அடையாளம் சொல்லப்பட்டிருக்கிறது. மகள் ஒருத்தி இருந்தாள். அவளுக்கு ஒரே ஒரு வரி. கன்னிகையாயிருக்கிற பெண்ணை அந்தஸ்துக்குத் தக்கபடி கலியாணம் செய்து கொடுக்க வேண்டியது என்பது அந்த வரி. அவள் பெயர் இல்லை. பசுவின் நெற்றியிலே கண் சென்ற மனிதருக்குப் பெண்ணின் பெயரிலே கண் செல்லவில்லை! பெரியப்பா சொன்னது சரிதான் என்று காகிதத்தை மடித்துவைத்துவிட்டேன்.

மடித்துவைத்த காகிதத்தை மீண்டும் எடுக்கச் செய்தவர், என்னைப் போலவே ஒரு பள்ளி ஆசிரியர். ஜோசப் கிரீன் என்பது அவர் பெயர். இங்கிலாந்திலே ஸ்ட்ராட்போர்டு ஊர்ப் பள்ளியிலே பணிபுரிந்தவர். 1747இல் ஷேக்ஸ்பியருடைய உயிலின் படி ஒன்று அவர் கைக்குக் கிட்டியது. ஆவலோடு படித்தார், ஏமாந்தார். அந்த மாபெருங் கவிஞனின் உயிர்ப்பிலே ஓர் அணுவும் இதில் இல்லையே என்று நொந்துகொண்டார். கவிதையைத் தேடியவருக்குக் கணக்கு மட்டுமே கண்ணிற்பட்டது.

ஆனால், அந்தக் கணக்கை ஊன்றிப் பாருங்கள். 1616ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் எழுதப்பட்ட அந்த உயிலிலே கவிஞனின் மனைவிக்கென்று தனியே எழுதப்பட்டது ஒரு கட்டில். அதுவும் வீட்டிலுள்ளவற்றில் இரண்டாந்தரமான கட்டில். அதுவும் பிற்பாடு நினைவு வந்தாற்போல வரிகளுக்கு இடையே செருகப்பட்டது. நிலபுலங்களிலே பெரும்பகுதி மூத்த மகள் சூசன்னாவுக்கு. அவளுக்குப் பின்னரோ, அவளுக்குப் பிறக்கக்கூடிய முதல் மகனுக்கு, இரண்டாம் மகனுக்கு என்று ஏழாம் மகன்வரை வரிசை நீள்கிறது. அந்த எழுவரில் ஒருவனும் பிறக்கவில்லை. சூசன்னாவுக்குப் பிறந்தது ஒரே ஒரு பெண். அந்தப் பெண்ணும் 1670இல் மக்கட்பேறின்றி மறைந்தாள்; கவிஞனின் வழி அற்றது. போர்ஷியாவைப் படைத்து நீதிமன்றத்திலே வாதாட வைத்த கை, சொத்தென்று வந்ததும், பிறவாத ஆண்களை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தது! கிரீன் தேடிய கவிதை அதிலே இல்லைதான். கவிதையைவிடக் கூரிய உண்மை ஒன்று இருந்தது. அதை அவர் காணவில்லை. அவர் செய்த தவறை நானும் செய்தேனோ என்று ஐயுற்றேன். மடித்த காகிதத்தை மீண்டும் விரித்தேன்.

எப்படிப் படிப்பது? அதற்கு எங்கள் ஊரிலேயே வழிகாட்டி ஒருவர் இருந்தார். குற்றாலத்திலே வாழ்ந்து 1954இல் மறைந்த இரசிகமணி டி. கே. சி., கம்பன் பாட்டு எது, பிறர் செருகியது எது என்று செவியாலே பிரித்தவர். கம்பனைப் போற்றுவதிலே அவரோடு நமக்குத் தீராத வழக்கு உண்டு. அவர் பிரித்ததெல்லாம் சரி என்று ஒப்புக்கொள்ளவும் இயலாது. எனினும், ஒரு வரியை வாய்விட்டுப் படித்து, இது யாருடைய குரல் என்று கேட்கும் பழக்கம் நல்ல பழக்கம். அந்தக் கேள்வியோடு பூட்டனார் உயிலை வாய்விட்டுப் படித்தேன். பத்திரக்காரர் குரல், பத்திரக்காரர் குரல், மீண்டும் பத்திரக்காரர் குரல். கடைசிப் பக்கத்திலே, சாட்சிகளின் பெயருக்குச் சற்று மேலே, வாய்பாடு திடீரென்று அறுந்தது; ஒரு கிழவர் பேசினார்.

தம்முடைய இளைய சகோதரியைப் பற்றிப் பேசினார். நிலத்தைக் கிரயம் பெறப் பணம் போதாத நாளிலே, அவள் தன் பாம்படத்தை, கேட்டவுடனே காதிலிருந்து கழத்திக் கொடுத்தாள் என்றார். கழற்றி என்றுகூட இல்லை, 'கழத்தி' என்றே இருக்கிறது. அதை விற்ற தொகையைக் கொண்டே நிலம் வாங்கப்பட்டது. அந்தக் கடனைத் தீர்க்கத் தம்மால் ஆகவில்லை. ஆகவே அவள் உயிரோடிருக்கும் வரை, ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு ஒரு சேலையும் ஐந்து ரூபாயும் மகன்மார் கொடுத்துவர வேண்டும். இவ்வளவுதான். உடனே பத்திரக்காரர் திரும்பி வந்துவிடுகிறார், சாட்சிகள் கையெழுத்திடுகின்றனர்.

நண்பர்களே! முதற்பக்கத்திலே அந்த நிலத்துக்குச் சூட்டப்பட்ட அடைமொழி என்ன? 'ஸ்வயார்ஜிதம்', தானே ஈட்டியது! கடைசிப் பக்கம் அதை மறுக்கிறது. ஒரு பெண்ணின் காதை வெறுமையாக்கி வாங்கிய நிலம், ஆண் ஒருவன் தானே ஈட்டிய நிலமாகி, ஆண்மக்கள் இருவருக்குச் சென்றது. ஈட்டித் தந்தவளுக்குச் சேலை ஒன்று கிடைத்தது. வடமொழிச் சொல் ஒன்று பொய் சொல்லிற்று. 'கழத்தி' என்ற கொச்சைத் தமிழ்ச் சொல் ஒன்று மெய் சொல்லிவிட்டது. பூட்டனாரை நான் கொடியவர் என்று கூறமாட்டேன். நெஞ்சு உறுத்தியவர் அவர். உறுத்தல் இல்லாதவன் அந்த வரியை எழுதவேண்டிய தேவையே இல்லை. ஆனால், உறுத்தலுக்கு ஐந்து ரூபாய் என்று விலை வைத்ததும் அவரே.

அந்தச் சகோதரிக்கும் உயிலிலே பெயர் இல்லை. பெயரைத் தேடினேன். பெரியப்பா வீட்டிலே சட்டமிட்டு மாட்டிய வம்சாவளிப் படம் ஒன்று இருக்கிறது. மூலவர் ஒருவர், அவருக்குக் கீழே கிளைகிளையாய் ஆண்கள். எங்கள் குடும்பத்திலே ஏழு தலைமுறையாக ஆண்களே ஆண்களைப் பெற்றிருக்கின்றனர் போலும்! பெரிய அத்தையைக் கேட்டேன். நெடுநேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "மூளிக்காதாச்சின்னு ஒருத்தியச் சொல்வாங்க; பேரு தெரியாதுய்யா" என்றார். மூளிக்காது! நகையில்லாத காதுக்கு ஊரார் வைத்த ஏளனப் பெயர். எந்தக் காது கொடுத்த நிலத்திலே விளைந்த நெல்லை உண்டார்களோ, அந்தக் காதைப் பார்த்தே நகைத்திருக்கிறார்கள். எஞ்சியிருப்பது அந்த நகைப்பு மட்டுமே, பெயர் போய்விட்டது.

பெயர் எழுதாத சாசனம் இன்னொன்று எங்கள் ஊரிலே உண்டு. அது கல்லிலே இருக்கிறது. 1446இல் தென்காசிக் கோயிலைத் தொடங்கிய பராக்கிரம பாண்டியன், செய்யுளாகப் பொறித்துவைத்த வேண்டுகோள் அது. பாண்டியப் பேரரசு சுருங்கி, தென்பாண்டிச் சீமையின் மூலைக்கு ஒதுங்கிவிட்ட காலம். தான் எழுப்பியது நிலைக்குமா என்ற அச்சம் அவனுக்கு இருந்திருக்க வேண்டும். பிற்காலத்திலே இதற்கு ஊறு நேரும்போது வந்து சீர்செய்து காப்பவர் யாராக இருந்தாலும், அவரை உலகறியப் பணிகிறேன் என்பது அவன் சொன்ன கருத்து. மகன் காக்கட்டும் என்று அவன் எழுதவில்லை. தன் குலம் காக்கட்டும் என்றும் எழுதவில்லை. பெயருக்கு உரிய இடத்தை வெறுமையாக விட்டு, அந்த வெறுமைக்கு முன்னே முடிசூடிய தலையைத் தாழ்த்தினான்.

கோயில் கட்டியதற்காக நான் அவனைப் பாராட்டவில்லை. கல் சுமந்தவர் பெயரை அவனும் எழுதவில்லைதான். அந்த வாசகத்தைப் பாராட்டுகிறேன். ஏனெனில், அது பலித்தது. கோபுரம் சிதைந்து, 'மொட்டைக் கோபுரம்' என்று பெயர் வாங்கி, தலைமுறை தலைமுறையாய் நின்றது. 1990இல் ஒன்பது நிலைக் கோபுரமாய் அது மீண்டும் எழுந்தபோது, முன்னின்று முயன்றவர் யார்? அரச குலத்தார் அல்லர். 'தினத்தந்தி' அதிபர் பா. சிவந்தி ஆதித்தன். அவர் பிறந்த நாடார் சமுதாயத்துக்குக் கமுதிக் கோயிலுக்குள்ளே நுழையும் உரிமை இல்லை என்று பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது 1908இல். எண்பத்திரண்டே ஆண்டு இடைவெளி! வாயிலிலே மறிக்கப்பட்டவர் வழியிலே வந்தவர், வாயிலையே எழுப்பித் தந்தார். அவர் வருவதற்கு ஐந்நூறு ஆண்டு முன்னரே அரசன் ஒருவன் அவரை வணங்கிவிட்டிருந்தான்.

இரண்டு சாசனங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இரண்டிலும் பெயர் இல்லை. கல்லிலே பெயர் எழுதாதது, யாரும் வரலாம் என்பதற்காக. காகிதத்திலே பெயர் எழுதாதது, அவள் வந்துவிடக்கூடாது என்பதற்காக. முன்னது திறந்த கதவு. பின்னது அடைத்த கதவு.

அடைத்த கதவென்றால் அடைத்தபடியே கிடக்க வேண்டியதுதானா? முன்னோர் எழுதியதை மாற்றலாமா என்று கேட்போருக்கு, பச்சையப்பரை நினைவூட்டுவேன். 1794ஆம் ஆண்டு மார்ச்சு 22ஆம் நாள், சாவதற்கு ஒன்பது நாள் முன்பு, அவர் எழுதிய உயில் தம் பெருஞ்செல்வத்தை அறங்களுக்கு ஒதுக்கியது. அவர் எண்ணிய அறம் பெரிதும் கோயில் பணி. பணம் பல்லாண்டு வழக்கிலே சிக்கிக் கிடந்தது. அட்வகேட் ஜெனரலாக இருந்த ஜார்ஜ் நார்ட்டன் போன்றோர் முயன்று மீட்டபோது, கோயிலுக்கு உரியது போக எஞ்சிப் பெருகிய தொகை கல்விக்குத் திருப்பப்பட்டது. 1842இல் பள்ளி, 1889இல் கல்லூரி. காஞ்சிபுரத்து நெசவாளர் குடும்பத்துப் பிள்ளை அண்ணாதுரை அந்தக் கல்லூரியிலே பயின்றுதான் அறிஞர் அண்ணாவானார். உயிலைப் பின்வந்தவர்கள் விரித்துப் படித்தார்கள். எழுதியவரின் புகழ் அதனால் குறைந்ததா? அவர் பெயர் இன்றும் வாழ்வது அப்படிப் படித்தவர்களாலேதான்.

பெண்ணின் பங்கைப் பொறுத்தவரை, நாடே அப்படி ஒரு மறுவாசிப்பைச் செய்து முடித்திருக்கிறது. பெண்ணுக்கும் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாட்டிலே தீர்மானித்தபோது சிரித்தவர் பலர். 1956இல் வந்த வாரிசுரிமைச் சட்டம், உயில் எழுதாமல் மறைந்த தந்தையின் தனிச் சொத்திலே மகனுக்கும் மகளுக்கும் ஒரே அளவு என்றது. கூட்டுக் குடும்பச் சொத்திலும் மகள் பிறப்பாலே பங்காளி என்று தமிழ்நாடு 1989இல் சட்டம் செய்தது. முன்னரே மணமானவர்களுக்கு அதிலே இடமில்லாதிருந்தது. 2005இல் நாடு முழுமைக்கும் வந்த திருத்தம் அந்த வேலியையும் எடுத்துவிட்டது. சட்டம் கதவைத் திறந்துவிட்டது. அதனால்தான் இன்று விடுதலைப் பத்திரம் தேவைப்படுகிறது! உரிமையே இல்லாதவளிடம் யாராவது கையெழுத்துக் கேட்பார்களா? சட்டம் கொடுத்ததைப் பாசத்தின் பெயரால் திரும்ப வாங்கும் காகிதம் அது. 1923இல் ஆண்டுக்கு ஒரு சேலை, ஐந்து ரூபாய். இன்று ஒரே ஒரு தடவை, ஒரு பட்டுப் புடவை, ஐயாயிரம் ரூபாய். நூறாண்டிலே நாம் கண்ட முன்னேற்றம், பருத்தி பட்டானது!

ஆவணி மாதம் ஒரு ஞாயிறன்று குடும்பத்தார் மீண்டும் கூடினோம். உயிலின் கடைசிப் பக்கத்தை நான் வாய்விட்டுப் படித்தேன். 'கழத்தி' என்ற சொல் வந்தபோது பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். அவர் பாட்டனார் பேசும் குரலை அவர் முதன்முதலாகக் கேட்டிருக்க வேண்டும். "அது அந்தக் காலம்" என்றார். சற்றுப் பொறுத்து, "உம் பங்கும்லா குறையும்?" என்று கேட்டார்.

குறையும். இருவருக்குப் பாதி பாதி என்பது நால்வருக்குக் கால் கால் என்றாகும். என் தந்தை வழியாக எனக்கு வரக்கூடியதும் பாதியாகும். அது தெரிந்தே படித்தேன். என் தந்தை பேனாவை எடுத்து, விடுதலைப் பத்திர நகலை அத்தைமார் பக்கமிருந்து நகர்த்திவைத்தார். பெரியப்பா இன்னும் ஒப்பவில்லை, மறுக்கவும் இல்லை. பேச்சு நடக்கிறது.

மூளிக்காதாச்சியின் பெயரை நான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். ஒருவேளை கிடைக்காமலே போகலாம். அந்தக் காதுகளுக்கு நாம் பட்ட கடனை அவளிடம் செலுத்த இனி வழியில்லை. ஆனால், எங்கள் அத்தைமாருக்குப் பெயர் இருக்கிறது. அது எல்லாருக்கும் தெரிந்தும் இருக்கிறது. பாகப் பத்திரம் எழுதும் நாளிலே, அந்த இரண்டு பெயர்களையாவது முழுமையாக எழுதுவோம்.